நர்சிங் படித்தால் கணினி வேலையைப் பறித்துவிடுமா? பெற்றோருக்கு ஒரு விளக்கம்

பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு எடுத்த பிள்ளை பி.எஸ்சி. நர்சிங் சேரப்போகிறேன் என்றதும், பெற்றோரிடமிருந்து இப்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது: “எல்லாம் கம்ப்யூட்டர்மயம் ஆகிறது, ஏ.ஐ. வேறு வந்துவிட்டது. நாலு வருஷம் செலவு செய்து படிக்கவைத்த பிறகு இந்த வேலை இருக்குமா?” கேள்வி நியாயமானது. ஆனால் ஊகத்தில் பதில் சொல்லத் தேவையில்லை. மருத்துவமனை வார்டுக்குள் கணினி நுழைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புதுக்கருவி ஒவ்வொன்று வந்தபோதும் செவிலியரின் வேலையில் எது குறைந்தது, எது கூடியது என்பது தெரிந்த விஷயம்தான். அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தொடக்கம் அமெரிக்காவில். கலிஃபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் உள்ள எல் கமினோ மருத்துவமனையில் 1970-களின் தொடக்கத்தில் வார்டுகளில் கணினித் திரைகள் வைக்கப்பட்டன. விமானம், ஏவுகணை தயாரித்த லாக்ஹீட் நிறுவனம் தொடங்கிய திட்டம் அது. 1971-இல் டெக்னிகான் நிறுவனம் வாங்கிக்கொண்டது. திரையில் வரும் பட்டியலை ஒளிப்பேனாவால் தொட்டால் மருந்து, ரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்கான உத்தரவு நேராக மருந்தகத்துக்கும் ஆய்வகத்துக்கும் போகும். கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சீட்டுச் சீட்டாகப் பெயர்த்தெழுதும் வேலை இப்படித்தான் குறையத் தொடங்கியது. குறைந்தது எழுத்து வேலை. நோயாளிக்கு அருகில் நிற்கவேண்டிய ஆள் குறையவில்லை.

அடுத்து வந்த சிக்கல் சுவாரஸ்யமானது. மருத்துவர் கண்டறியும் நோய்க்குப் பெயர் உண்டு. அதைக் கணினியில் ஏற்றலாம். செவிலியர் கவனிப்பதற்கு, அதாவது படுக்கைப் புண் வரும் ஆபத்து, தானாக எழுந்து நடக்க முடியாமை, விழுங்குவதில் சிரமம் போன்றவற்றுக்கு, எல்லோரும் ஒப்புக்கொண்ட பெயர்ப்பட்டியல் இல்லை. பெயர் இல்லாத வேலை பதிவேட்டில் ஏறாது. ஏறாத வேலைக்கு ஆளும் சம்பளமும் கேட்க முடியாது. 1973-இல் செயின்ட் லூயிஸ் நகரில் கிறிஸ்டின் கெப்பி, மேரி ஆன் லாவின் என்ற இரு செவிலியர்கள் இதற்காகவே ஒரு தேசிய மாநாட்டைக் கூட்டினார்கள். அதன் தொடர்ச்சியாக 1982-இல் இந்தப் பெயர்ப்பட்டியலை உருவாக்கும் நாண்டா (வட அமெரிக்க நர்சிங் டயக்னோசிஸ் சங்கம்) அமைப்பு உருவானது. இன்று நம் ஊர் நர்சிங் மாணவிகள் கேர் பிளானில், அதாவது நோயாளிக்கான கவனிப்புத் திட்டத்தில், எழுதும் ‘நர்சிங் டயக்னோசிஸ்’ அங்கிருந்து வந்ததுதான். அதை வெறும் மனப்பாடப் பகுதியாகப் பல கல்லூரிகளில் நடத்துவது வருத்தமாக இருக்கிறது. செவிலியரின் உழைப்பைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் கருவி அது. நோயாளி ஒருவருக்குக் குறைந்தபட்சம் எந்தெந்தத் தகவல்களைச் செவிலியர் பதிய வேண்டும் என்று ஹாரியட் வெர்லியும் நார்மா லாங்கும் முன்னெடுத்து வரையறுத்த 16 அம்சப் பட்டியல் 1980-களில் வந்தது. 1992-இல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் ‘நர்சிங் இன்ஃபர்மேட்டிக்ஸ்’ துறையை, அதாவது செவிலியர் பணியின் தகவல்களைக் கணினியில் கையாளும் துறையை, தனிச் சிறப்புப் பிரிவாக ஏற்றது. கணினி வந்ததால் செவிலியருக்குப் புதிதாக ஒரு துறையே திறந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்து கொடுப்பதில் கணினி வந்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். உங்கள் பிள்ளை நாளை தினமும் செய்யப்போகும் வேலை அது. 1992-இல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், டொபீகா நகரின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையில் பணிபுரிந்த சூ கின்னிக் என்ற செவிலியர், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் கையடக்கக் கருவியால் பார்கோடை ஸ்கேன் செய்வதைக் கவனித்தார். காருக்குச் செய்வதை மருந்துக்கு ஏன் செய்யக்கூடாது என்று அவர் எழுப்பிய யோசனைதான், முன்னாள் ராணுவத்தினர் துறையின் மருத்துவமனைகள் முழுவதும் 2000-வாக்கில் பரவிய பார்கோடு முறைக்கு வித்து. இன்று நம் பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவற்றிலும் இந்த முறை இருக்கிறது. மென்பொருள் நிபுணருக்குத் தோன்றாத யோசனை வார்டில் வேலை பார்த்தவருக்குத் தோன்றியது.

நடைமுறை இதுதான். செவிலியர் தன் பெயரில் லாகின் செய்கிறார். நோயாளியின் மணிக்கட்டில் கட்டிய பார்கோடு கைப்பட்டையை ஸ்கேன் செய்கிறார். பிறகு உறை பிரிக்காத மாத்திரையின் அல்லது ஊசிமருந்தின் பார்கோடை ஸ்கேன் செய்கிறார். ஆள், மருந்து, அளவு, நேரம், கொடுக்கும் வழி ஆகிய ஐந்தும் உத்தரவோடு ஒத்துப்போனால் திரை அனுமதிக்கும், இல்லையென்றால் எச்சரிக்கும். அதன் பிறகே உறையைப் பிரித்து மருந்து கொடுக்க வேண்டும், கொடுத்த பின்பே பதிவை முடிக்க வேண்டும்.

கேட்கும்போது பிழைக்கு இடமே இல்லை என்று தோன்றும். வார்டில் என்ன நடக்கிறது? கைப்பட்டை நனைந்து கசங்கியிருக்கும், ஸ்கேனர் படிக்காது. கணினி வைத்த மருந்து வண்டியின் பேட்டரி தீர்ந்திருக்கும். மாத்திரையைப் பாதியாக உடைத்தால் அந்தப் பாதியில் பார்கோடு இருக்காது. இரவு ஷிஃப்டில் தூங்கும் நோயாளியை எழுப்ப மனம் வராது. எனவே கைப்பட்டையின் இன்னொரு நகலை அச்சிட்டு மேசையிலோ கதவிலோ ஒட்டிவைத்து அதை ஸ்கேன் செய்யும் வழக்கம் சில இடங்களில் வந்தது. அந்த நிமிடமே பாதுகாப்பு போய்விட்டது. ஒட்டியிருக்கும் காகிதத்தைக் கணினி சரிபார்க்கிறது. கட்டிலில் இருப்பவரை யாரும் சரிபார்க்கவில்லை. குறுக்குவழி எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடித்து, தண்ணீர் பட்டாலும் அழியாத பட்டை, கூடுதல் பேட்டரி, அரை மாத்திரைக்கு மருந்தகத்திலேயே தனி லேபிள் என்று தீர்வு சொல்ல, அந்த வார்டில் நின்று பழகிய செவிலியரால்தான் முடியும். பெரிய மருத்துவமனைகள் இன்ஃபர்மேட்டிக்ஸ் நர்ஸ் என்று வைத்துக்கொள்வது இந்த வேலைக்காக.

இதைவிடக் கடுமையான பாடம் 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கிடைத்தது. அங்கு மருந்துகள் கணினி இணைத்த அலமாரியில் இருக்கும். பெயரைத் தட்டினால் உரிய இழுப்பறை திறக்கும். பதற்றம் தணிக்கும் வெர்செட் என்ற மருந்தை எடுக்க வந்த செவிலியர் ஆங்கிலப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை (VE) மட்டும் தட்டினார். வெர்செட் என்பது வணிகப் பெயர். அலமாரியோ அதன் மூலப்பெயரான மிடசோலாம் என்பதில் தேடும்படி அமைந்திருந்தது. மருந்து வராததால், வழக்கமான கட்டுப்பாட்டைத் தாண்டி மருந்தெடுக்க உதவும் ‘ஓவர்ரைடு’ வசதியைப் பயன்படுத்தித் தேடியபோது அதே இரண்டு எழுத்துகளில் தொடங்கும் வெகுரோனியம் வந்தது. அது தசைகளைச் செயலிழக்கச் செய்து மூச்சை நிறுத்தும் மருந்து. வெர்செட் திரவம், வெகுரோனியம் தூள், நீர்மம் சேர்த்துக் கரைக்க வேண்டும். மூடியிலேயே எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். அதையெல்லாம் தாண்டி ஊசி போடப்பட்டது, நோயாளி இறந்தார். அந்தச் செவிலியர் 2022-இல் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பானது, சிறைக்குப் பதில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. அலமாரியில் குறைந்தது ஐந்து எழுத்துகள் தட்டினால்தான் மருந்துப் பெயர் வர வேண்டும் என்ற பரிந்துரை இத்தகைய பிழைகளைத் தடுக்கத்தான் வந்தது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கணினி எதை எடுத்துக்கொடுத்தாலும், “இது ஏன் தூளாக இருக்கிறது?” என்று கேட்கவேண்டியவர் செவிலியர். மருந்தியல் பாடத்தில் மூலப்பெயர், வணிகப்பெயர் இரண்டையும் சேர்த்தே படிக்கச் சொல்வதன் காரணம் இங்கே தெரியும். பிள்ளையிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

ஏ.ஐ. பற்றிய கவலைக்கு வருவோம். நோயாளியின் நிலை மோசமாகப்போவதை முன்கூட்டியே கணிக்கும் மென்பொருள்கள் பல இருக்கின்றன. இவ்வகைக் கணிப்பில் எளிதாகப் புரிவது பிரிட்டனில் 2012-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட ‘நியூஸ்’ (NEWS, தேசிய முன்னெச்சரிக்கை மதிப்பெண்) முறை. மூச்சு எண்ணிக்கை, ரத்த ஆக்சிஜன், கூடுதல் ஆக்சிஜன் வைத்திருக்கிறதா, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நினைவுநிலை, உடல் வெப்பம் ஆகிய ஏழுக்கும் மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 5 வந்தால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்; 7 வந்தால் அவசர நிலை. கூட்டலைக் கணினி செய்துவிடும். ஆனால் இதில் பெரும்பாலும் கருவி இல்லாமல் பார்க்கப்படுவது மூச்சு எண்ணிக்கை. நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் பார்த்து எண்ண வேண்டும். அவசரத்தில் எண்ணாமல் 18 அல்லது 20 என்று எழுதிவிடும் பழக்கம் உலகெங்கும் உண்டு. நோயாளியின் உண்மையான எண்ணிக்கை 26 என்றால் அதற்கு 3 மதிப்பெண். 18 என்று எழுதினால் பூஜ்யம். மற்ற ஆறிலும் சேர்த்து 4 வந்திருந்தால், 7 ஆகி மணி அடிக்கவேண்டிய இடத்தில் 4-இல் அமைதியாக நின்றுவிடும். எவ்வளவு கெட்டிக்கார ஏ.ஐ. ஆனாலும் தவறான எண்ணைக் கொடுத்தால் தவறான விடைதான் வரும். இந்த எண்ணிக்கையைச் சரியாக எடுப்பவருக்கான தேவை குறையப்போவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்நாட்டுக்கு வேறு கதை கிடையாது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் தொடர்ந்து கண்காணிக்க 2008-இல் தொடங்கிய பிக்மி (PICME) திட்டத்தில், கிராம சுகாதார செவிலியர் பதிவேடுகளில் எழுதிவந்த கர்ப்பிணி விவரங்கள் கணினிக்குப் போயின. குழந்தையின் பிறப்பைப் பதியப்போகும்போது கேட்கும் பிக்மி எண் இதில் வந்ததுதான். கடைசி மாதவிடாய்த் தேதி ஒரு மாதம் தவறிப் பதிவானால் 280 நாள் கணக்கில் வரும் பிரசவத் தேதியும் ஸ்கேன் எடுக்கவேண்டிய வாரமும் சேர்ந்தே தவறும். இங்கும் கேட்டு, சரிபார்த்து, பதிபவர் செவிலியர்தான்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் கல்லூரி. இந்திய நர்சிங் கவுன்சில் தளத்திலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலிலும் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் காட்டும் நகலை நம்பாதீர்கள். 2021-இல் திருத்தப்பட்ட பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் சுகாதாரத் தகவலியல், தொழில்நுட்பம் பற்றிய பாடம் முதலாண்டிலேயே செய்முறையோடு சேர்க்கப்பட்டிருக்கிறது. கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கேளுங்கள்: அந்தச் செய்முறை நேரம் எங்கே நடக்கிறது? கணினி அறையில் வேர்டு, எக்செல் மட்டும்தானா, மருத்துவமனையின் மென்பொருளில் பயிற்சிக் கணக்கு தருகிறார்களா? பயிற்சிக்குப் போகும் மருத்துவமனையில் எத்தனை படுக்கைகள், மருந்துப் பதிவு தாளிலா திரையிலா? இதற்குப் பதில் சொல்லத் தடுமாறும் கல்லூரியில் பளபளக்கும் கட்டடத்தைப் பார்த்துச் சேர்க்காதீர்கள்.

பிளஸ் டூ முடித்ததும் நேராக ‘ஹெல்த் இன்ஃபர்மேட்டிக்ஸ்’ டிப்ளமோ சேர்க்கட்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். நர்சிங் பட்டத்துக்கு மாற்றாக அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இந்தத் துறையில் மதிப்பு வார்டு அனுபவத்துக்குத்தான். அமெரிக்காவின் இன்ஃபர்மேட்டிக்ஸ் சான்றிதழ்த் தேர்வுக்கே பதிவுபெற்ற செவிலியராக இரண்டாண்டு முழுநேரப் பணி கேட்கிறார்கள். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வார்டிலோ ஐ.சி.யூ.விலோ இருக்கட்டும். மருத்துவமனையில் புது மென்பொருள் வரும்போது வார்டுக்கு ஒருவரைப் பயிற்சியாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, மென்பொருள் நிறுவனங்களின் செயலாக்கக் குழு என்று வழி பிரியும்.

வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து இரண்டு பழக்கங்கள் வேண்டும். ஷிஃப்டில் ஒருவர் லாகின் செய்து வைத்ததில் எல்லோரும் பதிவது நம் வார்டுகளில் சகஜம். அதில் பங்கெடுக்கக் கூடாது. யார், எப்போது, எதைத் திறந்தார் என்பதெல்லாம் பதிவாகும், பிரச்சினை வந்தால் அந்தப் பெயருக்குரியவரே பதில் சொல்ல வேண்டும். சர்வர் நின்றுபோனால் தாளில் எழுதி, திரும்ப வந்ததும் ஏற்றும்போது, தட்டச்சு செய்யும் நேரத்தைப் போடாமல் மருந்து உண்மையில் கொடுத்த நேரத்தைப் போட வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஷிஃப்டில் வருபவர் அடுத்த டோஸைத் தவறான நேரத்தில் கொடுப்பார்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு 1994 முதல் கணினி வழியில், பதிலுக்கேற்ப அடுத்த கேள்வியின் கடினம் மாறும் முறையில் நடக்கிறது. 2023 ஏப்ரலில் வந்த புதிய வடிவத்தில் நோயாளியின் மின்னணுக் கோப்பைப் போலவே செவிலியர் குறிப்பு, ஆய்வக முடிவு என்று தனித்தனிப் பக்கங்களைத் திறந்து படித்து விடை தர வேண்டும். பிரிட்டனில் செவிலியராகப் பதிவுபெற எழுதும் கணினி வழித் தேர்வில் முதல் பகுதி முழுக்க மருந்துக் கணக்கு, 15 கேள்விகள். நம் எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்குச் செவிலியரைத் தேர்ந்தெடுக்கும் நார்செட் தேர்வும் கணினி வழிதான். 500 மில்லி டிரிப்பை 8 மணி நேரத்தில், மில்லிக்கு 20 துளி விழும் செட்டில் ஏற்ற வேண்டும் என்றால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்கு 21 துளி வரும். இப்படி ஐந்து கணக்கை முதலாண்டிலிருந்தே தினமும் கையால் போட்டுப் பழகச் சொல்லுங்கள்.