ஊருக்குள்ளயா, காலனியா?

அன்புள்ள ஐயா,

மேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தொன்பது வருடமாகக் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். போன மாதம் வட்டார வள மையத்தில் சாதிப் பாகுபாடு பற்றி ஒருநாள் பயிற்சி நடந்தது. லண்டனில் டீச்சராக இருக்கும் என் அண்ணன் மகளும் இனவெறிக்கு எதிரான பயிற்சிக்குப் போய்வந்ததாகச் சொன்னாள். அங்கே கறுப்பு வெள்ளை, சரி. நான் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாகத்தான் பார்க்கிறேன். பிள்ளைகள் மறந்துபோனதை இந்தப் பயிற்சிகள் கிளறிவிடாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள சார்,

ஒன்றாகத்தான் பார்க்கிறேன் என்று நீங்கள் எழுதியதை நம்புகிறேன். ஆனால் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்கிறீர்களே, அவர்களை மறக்க யார் விட்டது?

நம் பக்கத்தில் புதிதாகச் சேரும் பையனிடம் முதலில் பேரைக் கேட்போம். அப்புறம் எந்த ஊர். அதற்கு அடுத்தது, "ஊருக்குள்ளயா, காலனியா?" ஆபீஸ் கிளார்க் கேட்பார், பி.டி. சார் கேட்பார், சத்துணவு அக்காவும் கேட்பார். ஒருவர் மனதிலும் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். பதில் சொல்கிற பையனுக்குத்தான் தெரியும், அந்த ஒரு வார்த்தையில் எதைச் சொல்லிவிட்டோம் என்று. லண்டனில் நிறம் கண்ணுக்குத் தெரிகிறது. இங்கே தெரியாததால் வாய்விட்டுக் கேட்கிறோம். தலித் குடியிருப்பைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்தில் நீங்கட்டும், நல்லது. பள்ளிக்கூட வாசலில் கேட்கிற கேள்வியை நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

நான் எட்டாவது படித்தபோது ஆபீஸிலிருந்து ஸ்காலர்ஷிப் லிஸ்ட் வரும். "எஸ்.சி. பசங்கெல்லாம் எந்திரிங்க" என்பார் எங்கள் வகுப்பாசிரியர். தன் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கித் தந்த மனிதர் அவர். ஒருவனுக்கும் பணம் விட்டுப்போகக் கூடாதே என்றுதான் கூப்பிட்டார். என் பக்கத்தில் இருந்தவன் பேனாவைக் கீழே தவறவிட்டு, பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தான். பேனா அவன் காலடியிலேயே கிடந்தது. "டேய், உன்னையுந்தான்" என்றார் சார். அவன் எழுந்தபோது முழங்கால் முழுக்கச் சாக்பீஸ் தூள். அன்று மத்தியானம் நாங்கள் சேர்ந்து சாப்பிடும் வேப்பமரத்தடிக்கு அவன் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. இன்றைக்கும் அது என்னை அறுக்கிறது.

1993-இல் லண்டனில் பஸ்ஸுக்காக நின்ற ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின மாணவனை வெள்ளை இளைஞர்கள் கும்பலாகக் குத்திக் கொன்றார்கள். போலீஸ் அந்த வழக்கை நடத்திய விதத்தை விசாரித்த மெக்பர்சன் அறிக்கை 1999-இல் வந்தது. அறியாமலும் யோசிக்காமலும் நடந்துகொள்வதால்கூட ஓர் அமைப்பே இனப் பாகுபாடு காட்டும் என்றது அது. பள்ளிகளில் நடக்கும் இனவெறிச் சம்பவங்களைப் பதிவு செய்யவும் சொன்னது. அந்த 'அறியாமல்' என்ற இடத்தில்தான் எங்கள் வகுப்பாசிரியர் நிற்கிறார்.

நமக்கு 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரி. கூடப் படித்தவர்களே சாதி வெறியில் வீடு புகுந்து ஒரு தலித் மாணவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அரசு அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிறு பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. நம் பக்கத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைக் கல்வித் துறையோடு இணைப்பது பற்றிய சண்டையும் சேர்ந்துகொண்டது. எனக்கு அந்த அறிக்கையில் இருக்கும் சின்னச் சின்ன விஷயங்கள்தான் பெரிதாகப் பட்டன. பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வையுங்கள். வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது. உதவித்தொகை விவரத்தைத் தலைமையாசிரியர் தன் அறையில் கூப்பிட்டுச் சொல்லட்டும். இது அன்றைக்கே இருந்திருந்தால் அவன் பெஞ்சுக்கு அடியில் போயிருக்க மாட்டான்.

பயிற்சி வேண்டும் சார். ஆனால் கருத்தாளர் ஸ்லைடு காட்டி, உறுதிமொழி எடுத்து, டீ குடித்து, கையெழுத்துப் போட்டுக் கலைவதை நான் பயிற்சி என்று சொல்ல மாட்டேன். கிளார்க்கும் சமையலரும் அதில் இருக்க வேண்டும். ஸ்டாஃப் ரூமில் தனியாக டிபன் பாக்ஸைத் திறக்கும் ஆசிரியர், ஏன் தனியாக என்று பயமில்லாமல் சொல்ல முடிய வேண்டும்.

வருகிற திங்கட்கிழமை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். உங்கள் பள்ளியில் வகுப்பைப் பெருக்கியது யார், கழிப்பறைக்குத் தண்ணீர் தூக்கியது யார், ஸ்டாஃப் ரூமுக்கு டீ வாங்கப் போனது யார், பிரேயரில் கொடி ஏற்றக் கூப்பிட்டது யாரை. ஒரு மாதம் எழுதுங்கள். அடுத்த பயிற்சிக்கு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள். எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து