கேட்கக்கூட விடாதபோது

அன்புள்ள ஐயா,

நியூசிலாந்தின் தாரியானா தூரியாவை 'நான் மதிக்கும் அரசியல்வாதி' என்று ஒரு கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். தேடிப் படித்தேன். கடற்கரைச் சட்டத்தை எதிர்த்து 2004-ல் தொழிற்கட்சியை விட்டு வெளியேறியவர், நான்கே வருடத்தில் வலதுசாரி தேசியக் கட்சிக்கு ஆதரவு கொடுத்து அமைச்சராகிவிட்டார். இதில் மதிக்க என்ன இருக்கிறது? 2024-ல் நாடாளுமன்றத்தில் மசோதாவைக் கிழித்துப் போட்டு, மாவோரிகளின் முழக்க நடனமான ஹாகா ஆடினாரே ஹானா ராவிட்டி மைப்பி கிளார்க், அந்தப் பெண்ணிடம் இருக்கும் நெருப்பு இவரிடம் எங்கே? அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிகளுக்குத் தனித்தொகுதி தேவைதானா என்பதையும் சொல்லுங்கள். அப்புறம், அங்கே ஃபங்கனூய் என்ற ஊருக்குப் போன அனுபவத்தை எப்போது எழுதுவீர்கள்?

க., கோவை

அன்புள்ள க.,

தூரியா 2025 ஜனவரி 3 அன்று இறந்தார். எண்பது வயது. அன்றிலிருந்தே அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் பிடித்துத் தள்ளிவிட்டது. அதற்கு நன்றி.

ஊர்ப் பெயருக்குக் கடைசியில் வருகிறேன், அதைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். தனித்தொகுதி விஷயம் இரண்டு வரிதான். 1867-ல் கொடுத்தார்கள், நான்கே நான்கு. மாவோரிகளின் நிலம் கூட்டுச் சொத்து, ஓட்டுரிமையோ தனி ஆளின் சொத்தைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது, அதனால் வந்த ஏற்பாடு. மக்கள்தொகைக்கு அது மிகக் குறைவு, அந்த நான்கு 1996 வரை நான்காகவே கிடந்தது. சலுகை என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஹானாவின் ஹாகாவை நானும் பார்த்தேன், கண் கலங்கித்தான் பார்த்தேன். அதற்காக அந்தப் பெண்ணை ஏழு நாள் இடைநீக்கம் செய்தார்கள் என்பதும் தெரியும். ஆனால் ஒருவருடைய நெருப்பை வைத்து இன்னொருவரை அளக்கும் பழக்கத்தை விடுங்கள் தம்பி. நீங்கள் பார்த்தது ஒரு சின்ன வீடியோ. தூரியாவுக்கு அப்படி வீடியோ இல்லை. 2000-ல் உளவியலாளர்கள் மாநாட்டில் போய், காலனியாதிக்கம் மாவோரிகளுக்குச் செய்தது ஒரு ஹோலோகாஸ்ட், யூதர்களுக்கு நடந்த இனப்படுகொலைக்குச் சொல்லும் அதே சொல், என்று பேசினார், அப்போது அவர் ஆளும் கட்சியின் அமைச்சர். நாடே கொந்தளித்தது. அந்தச் சொல்லை நியூசிலாந்து பற்றி இனி அமைச்சர்கள் யாரும் பயன்படுத்தக் கூடாது என்று பிரதமர் ஹெலன் கிளார்க் தடை போட்டார். இத்தனைக்கும் 1996-ல், மாவோரிகளோடு 1840-ல் போட்ட ஒப்பந்தம் மீறப்பட்ட புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம் தாரனாக்கி நிலப் பறிப்பு பற்றிய தன் அறிக்கையில் அதே சொல்லைப் பயன்படுத்தியிருந்தது. தீர்ப்பாயம் எழுதினால் அறிக்கை, பாட்டியிடமும் அத்தைகளிடமும் வளர்ந்த ஒரு மாவோரிப் பெண் சொன்னால் குற்றம்.

சரி, கடற்கரைக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள், எனக்குக் கோபம் வந்ததும் இங்கேதான்.

தெற்குத் தீவின் வடமுனையில் மார்ல்பரோ சவுண்ட்ஸ் என்று ஒரு கடல்பகுதி. அங்கே சிப்பிப் பண்ணை வைக்க மாவோரிகள் அனுமதி கேட்டுக் கேட்டு அலுத்துப் போனார்கள். கடைசியில், இந்தக் கரையும் கடலடி நிலமும் எங்கள் வழக்கப்படி எங்களுடையவையா என்று விசாரியுங்கள் என்று நீதிமன்றம் போனார்கள். 2003 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? கரை உங்களுடையது என்று சொல்லவில்லை. ஒரு பிடி மணலைக்கூட யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. மாவோரி நில நீதிமன்றம் இந்தக் கேள்வியை விசாரிக்கலாம் என்றது, அவ்வளவுதான். விசாரித்துவிட்டு இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். அநேகமாகப் பல இடங்களில் அப்படித்தான் சொல்லியிருக்கும். அதற்கே சில நாட்களுக்குள் அரசாங்கம் பதறிப் போய், சட்டம் கொண்டு வந்து கரையை அரசுடைமை ஆக்குவோம் என்று அறிவித்தது. மாவோரிகள் கடற்கரையைப் பூட்டிவிடுவார்கள், இனி குழந்தைகள் குளிக்கக்கூட முடியாது என்று ஊரெல்லாம் பயம் கிளப்பினார்கள்.

வழக்கில் தோற்பது வேறு, வழக்கே போடாதே என்பது வேறு. தோற்றவன் அடுத்த நாள் எழுந்து வேலைக்குப் போவான். உன் மனுவை வாங்கவே மாட்டோம் என்று சொல்லப்பட்டவன் என்ன செய்வான்? அவன் சொல்வது பொய் என்றுகூட யாரும் நிரூபிக்கவில்லை. கேட்க ஆளில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். ஒரு நாடு தன் குடிமக்களில் ஒரு பகுதிக்கு மட்டும் இதைச் செய்தது, செய்தது தொழிலாளர் பெயரைச் சொல்லி ஓட்டு வாங்கும் கட்சி. 2004-ல் வடகோடியிலிருந்து ஹிகோய் கிளம்பியது. ஹிகோய் என்றால் நடைபயணம், மாவோரிகளின் போராட்ட முறை. மே 5 அன்று ஆயிரக்கணக்கானோர் தலைநகர் வெலிங்டன் வந்து சேர்ந்தார்கள். பிரதமர் கிளார்க் அவர்களைச் சந்திக்கவில்லை. மந்தையிலிருந்து தப்பி ஆறு வருடம் குகைகளில் ஒளிந்திருந்து பிடிபட்ட ஷ்ரெக் என்ற செம்மறியாட்டோடு படம் எடுத்துக்கொள்ள மட்டும் அவருக்கு நேரம் இருந்தது.

தூரியா அந்த அரசில் அமைச்சர். வாயை மூடிக்கொண்டிருந்தால் பதவி இருந்திருக்கும்.  அவர் தே தை ஹவாவுரு தொகுதியையே ராஜினாமா செய்துவிட்டு, என்னை அனுப்பிய நீங்களே சொல்லுங்கள் என்று மக்களிடம் திரும்பிப் போனார். ஜூலை 10 இடைத்தேர்தல், தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஓட்டு. பெரிய கட்சிகள் நிற்கவில்லையே, அதில் என்ன பெருமை என்று நீங்கள் எழுதுவீர்கள். எழுதுங்கள். நான் ஜெயித்ததைப் பற்றிப் பேசவில்லை, போய்க் கேட்டதைப் பற்றிப் பேசுகிறேன். அரசாங்கம் தன் மக்களுக்கு எதை மறுத்ததோ அதை அவர் தன் மக்களுக்குச் செய்தார்.

நான்கே வருடத்தில் என்கிறீர்களே, அந்த 2008-லும், அவர் பிரிந்து வந்து சேர்ந்து தொடங்கிய மாவோரி கட்சி ஊர் ஊராகக் கூட்டம் போட்டு மக்களைக் கேட்டுவிட்டுத்தான் தேசியக் கட்சித் தலைவர் ஜான் கீயுடன் கையெழுத்துப் போட்டது. ஒப்பந்தத்தில் கடற்கரைச் சட்டத்தை மறுபரிசீலனை செய்வது ஒரு நிபந்தனை. 2011-ல் அந்தச் சட்டம் ரத்தானது, நீதிமன்றக் கதவு திறந்தது. 1840-லிருந்து தொடர்ச்சியாக அந்தக் கரையைத் தனித்து அனுபவித்து வந்ததை நிரூபிக்க வேண்டும் என்பது கொடுமையான நிபந்தனைதான். இது போதாது என்று சொல்லி அவருடைய தோழர் ஹோனே ஹராவிரா பிரிந்து போய் மானா கட்சி தொடங்கினார், ஹராவிரா பக்கமும் நியாயம் உண்டு. ஜிஎஸ்டியை 12.5 சதவீதத்திலிருந்து 15 ஆக ஏற்றிய 2010 பட்ஜெட்டுக்கு மாவோரி கட்சி ஆதரவு தந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஏழை வீட்டு ரொட்டியிலும் பாலிலும் விழுந்த வரி அது. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ மாட்டேன். ஆனால் அதே 2010-ல்தான் வானாவ் ஓரா திட்டமும் வந்தது. ஒரு வீட்டுக்குள் ஆஸ்பத்திரிக்காரர் ஒரு பக்கம், பள்ளிக்கூடத்துக்காரர் ஒரு பக்கம், உதவித்தொகை அதிகாரி இன்னொரு பக்கம் என்று வந்து போவதை விட்டு, தாத்தா பாட்டி பேரன் பேத்தி எல்லோரையும் ஒரே குடும்பமாக உட்கார வைத்து உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கும் திட்டம். இங்கும் கேட்பதுதான்.

இப்போது அந்த ஊர். 2016-ல் பால்மர்ஸ்டன் நார்த்தில் தங்கை வீட்டில் இருந்தபோது ஒரு நாள் காலை பஸ் ஏறிப் போனேன். ஆற்றோரத்தில் ஒரு சின்னப் பூங்கா, மாவோரிகள் பாகைத்தோரே என்பார்கள். 1995-ல் அது எங்கள் இடம் என்று 79 நாள் குடியேறி உட்கார்ந்தார்களே, தூரியா முன்னால் நின்றாரே, அந்த இடம். அங்கே 1860-களில் நட்ட ஒரு நினைவுத்தூண் இருக்கிறது. வெள்ளையர் பக்கம் நின்று செத்தவர்களுக்காக. சட்டத்தையும் ஒழுங்கையும் காக்க, மதவெறியையும் காட்டுமிராண்டித்தனத்தையும் எதிர்த்து விழுந்தவர்கள் என்று கல்லில் வெட்டியிருக்கிறது. எதிர்ப்பக்கம் செத்தவர்களும் அதே ஆற்றின் மக்கள்தான். நான் எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சில் பேத்தியோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, படித்து முடித்தாயிற்றா என்று கேட்டார். அந்த 79 நாளும் அங்கேதான் இருந்தாராம், வேலை உருளைக்கிழங்கு உரிப்பது. விரலை மடக்கிக் காட்டினார், பெருவிரலில் பழைய கத்தித் தழும்பு. உங்கள் கேள்வியைத்தான் நானும் அவரிடம் கேட்டேன், தேசியக் கட்சியோடு சேர்ந்தாரே என்று. "எனக்கும் பிடிக்கவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். கடைசி வரை உட்கார்ந்து கேட்டாள்" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, ஊர்ப் பெயரைச் சொல்லி நன்றி சொன்னேன். நீங்கள் எழுதியதுபோலவேதான் சொன்னேன், ஃபங்கனூய் என்று. அது வேறு ஊர்க்காரர்கள் பேச்சு என்றார். வ என்று தொடங்கி, தொண்டையில் லேசாக நிறுத்தி, பிறகு விட வேண்டும். வ'ங்கனுயி. பேத்தி சொல்லிக் காட்டினாள். நான் சொன்னேன், பாட்டி தலையை ஆட்டி மறுத்தார். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவைதான் சரி என்று விட்டார்.

அன்புடன்.