பாக்கி நோட்டு

அன்புள்ள அக்கா,

பதினாலு வருடம் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் இருந்தேன், கடைசியில் புரொடக்‌ஷன் மேனேஜர். 2021ல் வேலையை விட்டுவிட்டு 16 மெஷின் போட்டு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஆரம்பித்தேன். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் எல்லாம் முறையாக எடுத்திருந்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதம் ஆக்கியதும் ஆர்டர் நின்றது. மனைவியின் நகையை அடகு வைத்து தீபாவளி போனஸ் கொடுத்துவிட்டு யூனிட்டை மூடினேன். பழைய கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். ஆனால் நான் செக்கிங்கில் சேர்த்துவிட்ட பையன்தான் இப்போது அங்கே மேனேஜர். 41 வயதில் அவனுக்குக் கீழே எப்படிப் போய் நிற்பது? பயோடேட்டாவில் இந்த நாலு வருடத்தை என்னவென்று எழுதுவது? மார்ச்சில் தைத்துக் கொடுத்த 40,000 பீஸுக்கு, பீஸ் 17 ரூபாய் கணக்கில் 6,80,000 ஒரு கம்பெனியில் நிற்கிறது. கேட்டால் தொழிலில் பெயர் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். போய்ச் சேருங்கள். அந்தப் பையன் முன்னால் நிற்பது பத்து நாள் உறுத்தும், அப்புறம் வேலை இழுத்துக்கொள்ளும். பயோடேட்டாவில் உள்ளதை எழுதுங்கள். 16 மெஷின் வைத்து நடத்தினேன், சனிக்கிழமை சம்பளம் போட்டேன், போனஸ் கொடுத்துவிட்டு மூடினேன் என்று. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த 6,80,000 பாக்கிதான் இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அப்பாவின் பாக்கி நோட்டு மறுபடி என் கைக்கு வந்தது. அதை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சமயத்தில் உங்கள் கடிதம்.

அப்பா கோவில்பட்டியில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தார். காலால் மிதித்து ஓட்டும் ஒரு டிரெடில் மிஷின், ஈய எழுத்து அடுக்கிய மரத்தட்டுகள், கம்போசிங்குக்கு இரண்டு பேர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ். சிவகாசி ஆப்செட்டில் பளபளவென்று மலிவாக வர ஆரம்பித்ததும் எங்களிடம் ஆள் வருவது குறைந்தது. 1994ல் மூடினார். ஈய எழுத்துகளைச் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டார். அடுத்த வாரமே சிவகாசியில் ஒரு அச்சகத்துக்கு புரூப் பார்க்கப் போனார்.

காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு கடைத்தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம். அப்பா பின் தெரு வழியாகச் சுற்றிப் போவார், பத்து நிமிடம். வேலைக்குப் போவது அவமானமாக இருக்கிறது போல என்று நினைத்திருந்தேன். அவர் இறந்தபிறகு நோட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதில் இருந்த 23 பேரில் பாதிப்பேருக்கு அந்தக் கடைத்தெருவில்தான் கடை. பில் புக் அடித்து வாங்கிக்கொண்டு பணம் தராதவர்கள். அவர்கள் கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பணம் வரவேண்டிய மனிதர் தலையைக் குனிந்துகொண்டு பின் தெருவில் போனார். நோட்டைக் கூட்டிப் பார்த்தேன், 41,000 சொச்சம். கடையைக் காலி செய்யச் சொன்னது 9,000 ரூபாய் வாடகை பாக்கிக்காக.

நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள் தம்பி. எனக்குக் கோபமாக வருகிறது. மனைவியிடம் நகையைக் கழற்றித் தா என்று கேட்க முடிந்திருக்கிறது, கடன்காரனிடம் என் பணத்தைத் தா என்று கேட்க வாய் வரவில்லை. வரி போட்டது ஆகஸ்டில். அவர்கள் தரவேண்டியது மார்ச்சில் முடித்த வேலைக்கு. அந்த 40,000 பீஸும் கப்பலேறிப் போய், யாரோ உடுத்தித் துவைத்துக் காயவும் போட்டிருப்பார்கள்.

இது தயவு கேட்கிற விஷயமே இல்லை. 2006லேயே சட்டம் வந்துவிட்டது. குறு, சிறு யூனிட்டிடம் வேலை வாங்கியவர், பேசிய கெடு எதுவானாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. எழுத்தில் கெடு எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் அசலோடு சேரும் கூட்டு வட்டி. இதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் உத்யம் எண்ணைக் கொடுத்துப் புகார் போடலாம். அது இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்கிற ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகும். முதலில் இரண்டு பக்கமும் பேசிப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் தீர்ப்புச் சொல்ல வழி உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: கெடுவுக்குள் தராத பணத்தை, கொடுக்கிற வருடம் வரைக்கும் வருமான வரிக் கணக்கில் அவர்கள் செலவாகக் காட்ட முடியாது. அவர்களுடைய ஆடிட்டருக்கு இது நன்றாகவே தெரியும்.

பெயர் கெட்டுவிடும் என்ற பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். யூனிட் நடத்தும்போது கேட்டிருந்தால் அடுத்த ஆர்டர் வேறு ஆளுக்குப் போயிருக்கும். சின்ன யூனிட்காரர்கள் எல்லோரும் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது அதனால்தான். ஆனால் இப்போது நீங்கள் அந்தக் கம்பெனியிடம் ஆர்டர் கேட்கப் போவதில்லையே. மாதம் பிறந்தால் சம்பளம் வரப்போகிறது. வேலைக்குத் திரும்புவதை இறங்கிப் போவதாக நினைக்கிறீர்கள், எனக்கு அதில் தெரிவது இது ஒன்றுதான்: நாலு வருடமாகக் கேட்க முடியாததை இனிமேல் கேட்கலாம். அப்பாவுக்கும் சிவகாசிச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. அவர் கேட்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பில், டெலிவரி சலான், அவர்கள் அனுப்பிய வாட்ஸாப் செய்திகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்குங்கள். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், போனது அவர் நகை. முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், 15 நாள் கெடு கொடுத்து. பதில் வராவிட்டால் புகார் போட்டுவிட்டு அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.