வால் கிட்டை மட்டும் முதலில் வாங்கலாமா?

அமெரிக்காவில் சொந்த கராஜில் கிட் (பாகங்கள் அடங்கிய பெட்டி) வாங்கி விமானம் கட்ட விரும்பும் வாசகர்கள் சிலர் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: வேன்ஸ் நிறுவனம் கிட்டாக விற்கும் ஆர்வி-7 விமானத்தைக் கட்ட ஆசை. வால், இறக்கை, உடல் எல்லாவற்றையும் சேர்த்து ஆர்டர் கொடுத்தால் விலை ஏறுவதற்குள் வாங்கிவிடலாம் என்கிறார் நண்பர். சரியா?

வேண்டாம். வாலை மட்டும் வாங்குங்கள்.

இந்த விமானத்துக்குத் தேவையான கைவேலை வகைகளில் பெரும்பகுதி வாலிலேயே வந்துவிடுகிறது. துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது, பிசிறு எடுப்பது, டிம்பிள் போடுவது (ரிவெட் தலை உட்காரத் துளையைச் சுற்றித் தகட்டைக் குழிப்பது), ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடிப்பது, தப்பாக அடித்த ரிவெட்டைத் துளை பெரிதாகாமல் கழற்றுவது என்று அத்தனையையும் வாலின் பாகங்களான ஸ்டெபிலைசர் (அசையாத பரப்பு), ரடர் (இடவலம் திருப்புவது), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது) ஆகியவற்றில் கற்றுவிடுவீர்கள். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா, வீட்டில் அதற்கு நேரம் கிடைக்கிறதா என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் நட்டம் ஒரு வால் கிட்டோடு போகும்.

இரண்டாவது காரணம் பணம். 2023 டிசம்பரில் வேன்ஸ் நிறுவனம் திவால் சட்டத்தின் 11-ஆம் அத்தியாயத்தின் கீழ், கடன்களைச் சீரமைத்துக்கொண்டே தொழிலைத் தொடரப் பாதுகாப்புக் கோரியது. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள், கூட்டிய விலைக்குச் சம்மதித்தால்தான் கிட் கிடைக்கும் என்ற நிலைக்கு ஆளானார்கள். நிறுவனம் அடுத்த ஆண்டே மீண்டுவிட்டது, இன்றும் நன்றாகவே நடக்கிறது. ஆனால் முன்பணம் கட்டியவர் சட்டத்தின் கண்ணில் கடன் கொடுத்தவர்தான் என்பதைப் பலர் அப்போதுதான் புரிந்துகொண்டார்கள். இது எந்த கிட் நிறுவனத்துக்கும் பொருந்தும். ஒவ்வொரு பெட்டியாக வாங்கினால் சரக்குக் கூலி பல தடவை கொடுக்க வேண்டியிருக்கும். அதைத் தயங்காமல் கொடுங்கள்.

கேள்வி: பாதி கட்டிய பழைய வால் கிட் ஒன்று மலிவாக வருகிறது. கிடைமட்ட ஸ்டெபிலைசரும் ரடரும் முடிந்துவிட்டன, எலிவேட்டர் தகடுகள் அப்படியே இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் காகிதங்களைப் பாருங்கள். யார் பெயரில் வாங்கியது, பொருள் பட்டியல், ரசீது, கட்டும்போது எடுத்த படங்கள், வேலைக் குறிப்பேடு எல்லாம் வேண்டும். வீட்டில் கட்டும் விமானத்துக்கு எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) தரும் சான்றிதழுக்கு, வேலையின் பெரும்பகுதியைக் கற்றலுக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டுபவர்களே செய்திருக்க வேண்டும் என்பது விதி. முந்தையவரும் அப்படிச் செய்தவர் என்றால் அவர் வேலையும் அந்தக் கணக்கில் சேரும். கூலி கொடுத்துச் செய்வித்த பகுதி சேராது. படம் இல்லாவிட்டால் யார் செய்தது என்று நிரூபிக்க வழியில்லை. கிட் உங்கள் பெயருக்கு மாறுவதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே நிறுவனத்திடம் பேசிவிடுங்கள். பின்னால் வரும் சர்வீஸ் புல்லட்டின்கள் (குறை கண்டால் நிறுவனம் அனுப்பும் அறிவிப்புகள்) உங்களுக்கு வர வேண்டும்.

அடுத்து, கிட் எப்போது அனுப்பப்பட்டது என்று கேளுங்கள். ஒரு கட்டத்தில் வேன்ஸ் சில பாகங்களின் துளைகளை லேசரால் வெட்டியது. அப்படி வெட்டிய துளைகளில் டிம்பிள் போட்டபோது விளிம்பில் வெடிப்பு வந்தது. 2023-இல் இது பெரிய பிரச்சினையானது. 2022, 2023 வாக்கில் அனுப்பிய கிட் என்றால், எந்தெந்தப் பாகம் அந்த வகை, எவற்றை மாற்றிவிட்டார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்கு நேர்மாறாக, கிட் மிகப் பழையது என்றால் 2014-இல் வந்த புல்லட்டினைப் பாருங்கள். சில ஆர்வி மாடல்களில் கிடைமட்ட ஸ்டெபிலைசரின் முன் ஸ்பாரில் (நீளவாட்டில் ஓடும் முதன்மைச் சட்டத்தில்) வெடிப்பு கண்டதால், அந்த இடத்தைப் பார்க்கவும் தேவைப்பட்டால் பலப்படுத்தவும் சொன்னது. நீங்கள் பார்க்கும் கிட்டில் அந்தப் பகுதி ஏற்கனவே மூடப்பட்டிருந்தால், அந்த வேலைக்காக ரிவெட்டுகளைக் கழற்ற வேண்டியிருக்கும். விலை பேசும்போது இதைச் சொல்லுங்கள்.

மூடிய ஸ்டெபிலைசரின் உள்ளே கண்ணுக்குத் தெரியாது. அதனால் போனில் பொருத்தும் சிறு கேமராவும் டார்ச்சும் இல்லாமல் போகாதீர்கள். ரிவெட்டின் உள்பக்கத் தலையின் அகலம் ரிவெட் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கும், உயரம் பாதியும் இருக்க வேண்டும். இதை அளக்கும் சின்ன கேஜ் சில டாலருக்குக் கிடைக்கும். ஓரத்திலிருந்து துளையின் மையம் துளை விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறதா, கழற்றி மறுபடி அடித்ததில் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்று பாருங்கள். ரடரின் பின்விளிம்பு நேராக இருக்கிறதா என்பதை ஒரு நூலை இழுத்துப் பிடித்தே கண்டுபிடித்துவிடலாம். வளைந்த பின்விளிம்பைப் பிறகு நேராக்குவது கடினம். தகடுகளில் நீல நிறப் பிளாஸ்டிக் உறை வருடக்கணக்கில் ஒட்டிக் கிடந்தால், ஒரு மூலையை உரித்து அடியில் அரிப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உறைக்குள் ஈரம் தங்கிவிடும்.

தனிப் பாகங்களை நிறுவனத்திடம் வாங்க முடியும் என்பதால், ஓரிரு தகடு கெட்டிருப்பதால் மட்டும் கிட்டை ஒதுக்க வேண்டாம். ஆனால் முடித்த பாகங்களில் வேலை சரியில்லை என்றால் அவற்றுக்கு விலை பூஜ்யம் என்றே கணக்குப் போடுங்கள். விற்பவர் அவற்றில் எத்தனை மாதம் செலவழித்திருந்தாலும் சரி. தொட்டிராத எலிவேட்டர் தகடுகள், ரிப் (குறுக்குச் சட்டம்), ஸ்பார் இவற்றுக்கு மட்டும் இன்றைய தனி விலையைக் கூட்டிப் பார்த்தால் கொடுக்கக்கூடிய தொகை தெரிந்துவிடும். என் கணக்கில், பாதி முடித்த கிட்டைவிடப் பெட்டியே பிரிக்காத கிட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது நல்லது.

கேள்வி: கருவிகளை முழு செட்டாக வாங்குவதா, தேவைப்படும்போது ஒவ்வொன்றாகவா?

எங்கும் சிக்கனம் பார்க்கலாம், டிம்பிள் டையிலும் (டிம்பிள் போடும் அச்சு) துளையிடும் பிட்டிலும் மட்டும் பார்க்காதீர்கள். தகட்டைத் தொடுவது இவைதான். கிளீகோக்கள் (ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கவ்விகள்) நூற்றுக்கணக்கில் வேண்டும். 3/32 அங்குலத் துளைக்கு வெள்ளி நிறம், 1/8 அங்குலத் துளைக்குச் செம்பு நிறம். இவற்றையும், கைப்பிடி ஸ்க்வீஸரையும் (ரிவெட்டை நசுக்கி அடைக்கும் கருவி), ரிவெட் கன்னையும் (ரிவெட்டைத் தட்டி அடிக்கும் காற்றழுத்தக் கருவி) வேலையை முடித்தவர்களிடம் பழையதாகவே வாங்கலாம். நல்ல கருவிக்கு விலை அவ்வளவாக இறங்குவதில்லை, உங்கள் வேலை முடிந்ததும் நீங்களும் விற்றுவிடலாம். காற்றழுத்த ஸ்க்வீஸருக்கு அவசரமில்லை. டங்ஸ்டன் பக்கிங் பார் (ரிவெட் அடிக்கும்போது மறுபக்கம் தாங்கிப் பிடிக்கும் கட்டி) விலை கூடினாலும் வாங்குங்கள். சிறிய அளவிலேயே எடை அதிகம் என்பதால் எலிவேட்டருக்குள் இருக்கும் இடுக்குகளில் அதன் அருமை தெரியும். காதுக் கவசத்தை முதல் நாளே வாங்கிவிடுங்கள். பக்கத்தில் பார் பிடிக்கும் ஆளுக்கும் ஒன்று.

கேள்வி: ரிவெட் கன்னைத் தொட்டதே இல்லை. பணம் போடுவதற்கு முன் கைப்பழக்கம் பார்க்க வழி உண்டா?

உண்டு. விமானம் கட்டுவோரின் சங்கமான இஏஏ நடத்தும் வார இறுதிப் பயிற்சிகளில் தகட்டு வேலையைச் சொல்லித் தருகிறார்கள். சின்னப் பயிற்சி கிட்களும் விற்கின்றன. மிசௌரி மாநிலத்தில் மெக்சிகோ என்ற ஊரில் இருக்கும் ஜெனித் நிறுவனம், தன் தொழிற்சாலையிலேயே ரடர் கட்டும் பயிற்சி நடத்துகிறது. கட்டிய ரடரை வீட்டுக்கே எடுத்துப் போகலாம். ஆனால் ஜெனித் விமானங்களில் இழுத்து அடைக்கும் ரிவெட்டுகளே பெரும்பாலும் வருகின்றன, பக்கிங் பார் தேவையில்லை. ஆர்வி கட்டுவதற்கு அது முழுப் பயிற்சி ஆகாது. கட்டுவது உங்களுக்கு ஒத்துவருமா என்று அறிய நல்ல வழி, அவ்வளவுதான்.

கேள்வி: எலிவேட்டர்களுக்கு இப்போதே பெயிண்ட் அடித்துத் தர ஒரு கார் பெயிண்ட் கடைக்காரர் குறைந்த விலை சொல்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்கலாம், இரண்டு நிபந்தனைகளோடு. புட்டி பூசிச் சமன் செய்யக் கூடாது, எத்தனை கோட் அடிப்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். காரில் பூச்சின் எடையை யாரும் பார்ப்பதில்லை. எலிவேட்டரில் கீலுக்குப் பின்னால் ஏறும் ஒவ்வொரு கிராமும் சமநிலையைக் கெடுக்கும். சமநிலை கெட்ட பரப்பு வேகத்தில் படபடத்து உடையக்கூடும், அதைத் தடுக்கத்தான் முனையில் ஈய எடை வைக்கிறார்கள். ஆகவே அந்த ஈயத்தைப் பெயிண்டுக்கு முன் வெட்டிச் சரிசெய்துவிடாதீர்கள். பெயிண்ட் காய்ந்து, ட்ரிம் டேப் (எலிவேட்டரின் பின்விளிம்பில் வரும் சிறு பரப்பு) உட்பட எல்லாம் பொருத்திய பிறகு, வரைபடத்தில் சொன்னபடி கீலில் தொங்கவிட்டு, கூடுதலாக இருக்கும் ஈயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.