காரின் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிமிஷத்துக்கு 1,800 சுற்றுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. எந்த பார்ட்டை மாற்ற வேண்டும்?

இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு, எங்காவது காற்று கசிவது போல் 'உஸ்' என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். உங்களுடையதும் பத்து வருஷம் தாண்டிய பெட்ரோல் கார்தான், மெக்கானிக்கும் இதற்குள் ஒரு பெரிய தொகையைச் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நிமிஷம் 1,300 வரை ஓடுவது இயல்பு. இன்ஜின் சூடான பிறகும் இறங்காவிட்டால்தான் கோளாறு.

என் கார் எந்த கம்பெனி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் "அந்த வண்டியே அப்படித்தான்" என்று நாலு பேர் வந்துவிடுவார்கள்.

நாங்கள் சேலம் கோரிமேட்டில் இருக்கிறோம். ஒரு ஞாயிறு ஏற்காடு போனோம். இருபது கொண்டை ஊசி வளைவையும் வண்டி முணுமுணுக்காமல் ஏறியது. இறங்கும்போதுதான் வினை. இரண்டாவது கியர், ஆக்சிலரேட்டரில் கால் இல்லை. ஆனாலும் யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல் ஓடுகிறது. கிளட்சை மிதித்தால் முள் 1,900. பிரேக்கை நம்பியே இறங்கினேன். அடிவாரம் வந்தபோது சக்கரத்தில் கருகல் வாடை. மனைவி வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"மேல காத்து மெலிசு மாப்ள, அதான்" என்றார் மச்சான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு போல குறையும், நிஜம்தான். அதனால் இழுவை குறையுமே தவிர ஐடிலிங் ஏறாது. தவிர, வீட்டு வாசலிலும் அதே 1,900.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் ஐடிலிங்குக்குக் காற்றை அளந்து விடும் ஐடில் வால்வை மாற்றி 6,400 ரூபாய் வாங்கினார்கள். முள் அசையவில்லை. அடுத்து "இசியூ போயிருக்கும் சார், இருபத்தெட்டாயிரம் ஆகும்" என்றார்கள். இசியூ என்றால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். வண்டியை எடுத்துக்கொண்டு அம்மாப்பேட்டையில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. பிளையர் வாயில் துணியைச் சுற்றி, இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். மூன்றாவதை அமுக்கியதும் இன்ஜின் அடங்கி 850-க்கு வந்தது. பிசிவி ஹோஸ், அதாவது இன்ஜினுக்குள் சேரும் புகையை மேனிஃபோல்டுக்குத் திருப்பி விடும் குழாய். கழற்றினால், கிளாம்ப் ஓரம், அடிப்பக்கத்தில் நகம் நுழையும் அளவு வெடிப்பு. ஹோஸ் 160, கூலி 100.

ஏறும்போது ஏன் தெரியவில்லை என்றும் அவர்தான் விளக்கினார். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று வழியில் இருக்கும் த்ராட்டில் தகடு மூடும், மேனிஃபோல்டுக்குள் வேக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) கூடும், வெடிப்பு வழியே திருட்டுக் காற்று உள்ளே போகும். பிரஷர் சென்சார் அதைக் கணக்கில் எடுக்க, இசியூ பெட்ரோலையும் சேர்த்து ஊற்றும். மேட்டில் த்ராட்டில் திறந்தே இருப்பதால் வேக்குவம் குறைவு, வெடிப்பும் வாயைத் திறக்காது. (ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் கதை வேறு. தெரியும், திருத்த வராதீர்கள்.)

ஹோஸ் எல்லாம் நன்றாக இருந்தால் த்ராட்டில் கேபிள் இறுகியிருக்கிறதா, கால்மிதி மேட் பெடலில் இடிக்கிறதா, த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் சூட்டை அளக்கும் கூலன்ட் சென்சார் கெட்டு, இன்ஜின் இன்னும் குளிர்ந்தே இருப்பதாகச் சொன்னாலும் இப்படி ஆகும். சூடான இன்ஜினில் கிளீனர் ஸ்ப்ரே அடித்துச் சோதிக்கச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள், தீப்பிடிக்கும்.

கேட்காத விஷயம் ஒன்று. மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதலில் வழி விட வேண்டும் என்பது விதி. அது போகட்டும், வளைவில் நிறுத்தக் கூடாது என்றாவது தெரிய வேண்டாமா? அன்று நான் பிரேக்கில் உயிரை வைத்துக்கொண்டு இறங்குகிறேன், ஒரு வளைவில் காரை நடு ரோட்டில் போட்டுவிட்டு ஒரு கும்பல் குரங்குக்கு சிப்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தால், "என்ன அண்ணா, அவசரமா?" என்று ஒரு பையன் கேட்கிறான்.

எனக்கு இல்லை தம்பி, வண்டிக்குத்தான் அவசரம்.