பிரீமியர் லீக் அட்டவணை குலுக்கலில் வருகிறதா?

இங்கிலாந்தின் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கின் அட்டவணையைக் குலுக்கிப் போடுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 20 அணிகள், ஆளுக்கு 38 ஆட்டம், மொத்தம் 380. ஓர் அணியை அசையாமல் நிறுத்தி மற்ற 19 அணிகளை வட்டமாகச் சுற்றினாலே 19 வாரத்துக்கு ஜோடி கிடைத்துவிடும். மைதானத்தை மாற்றிப் போட்டால் மீதி 19. இது சுலபம்.

யார் மைதானத்தில் எப்போது என்பதுதான் தலைவலி. அடுத்தடுத்த 5 ஆட்டங்களில் 2 அல்லது 3 சொந்த மைதானத்தில் அமையப் பார்க்கிறார்கள். லிவர்பூல், எவர்டன் இரண்டு அணிகளும் ஒரே ஊர். இரண்டுக்கும் ஒரே நாளில் உள்ளூர் ஆட்டம் வைத்தால் காவல்துறை திணறும். அதனால் ஒன்று உள்ளூரில் ஆடும்போது மற்றது வெளியூரில். கணினி போட்டுக் கொடுத்ததை மனிதர்கள் உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள். அதற்குப் பிறகும் தொலைக்காட்சிக்காக நாளும் நேரமும் மாறும். முன்கூட்டியே ரயில் டிக்கெட் எடுத்த ரசிகர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.