நீர்க்கரடியில் இது எந்த இனம் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கேள்வி: பாசியில் வாழும் நீர்க்கரடி என்ற எட்டுக்கால் நுண்விலங்கு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர்கூட வளராதாம், ஆனால் அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருப்பதாகப் படித்தேன். இது வேறு, அது வேறு என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? டிஎன்ஏ சோதனை வந்த பிறகும் நகத்தையும் வாயையும் அளந்துகொண்டிருப்பது எதற்கு?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: முதலில் பார்ப்பது எட்டுக் கால்களிலும் உள்ள நகங்களைத்தான். எத்தனை கிளை, எந்தக் கிளை நீளம், அடியில் எப்படிச் சேர்கிறது என்று பார்ப்பார்கள். அப்புறம் வாய்க்குழாயின் அகலம், தொண்டைக்குள் இருக்கும் கெட்டியான சின்னத் துண்டுகள், தோல் வழவழப்பாக இருக்கிறதா கவசத் தகடுகளோடு இருக்கிறதா என்பது. சில பேரினங்களில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுதிகளில்) முட்டை கிடைக்காவிட்டால் பெயரே சொல்ல முடியாது. ஜப்பானில் ட்சுருவோகா நகரத்தில் ஒரு கார் நிறுத்துமிடத்துப் பாசியில் கிடைத்து 2018-ல் பெயர் பெற்ற மேக்ரோபயோட்டஸ் ஷோனைக்கஸ் நல்ல உதாரணம்: அதன் முட்டை மேல் முழுக்க, கவிழ்த்து வைத்த கோப்பை மாதிரி முளைகள், ஒவ்வொரு முளையின் நுனியிலும் வளையக்கூடிய மெல்லிய இழைகள். இப்படி இழை உள்ள முட்டைக்காரர்கள் மரபணுவிலும் நெருங்கிய சொந்தமா என்று பார்த்தார்கள், முட்டை சொன்னதையே டிஎன்ஏவும் சொன்னது.

எப்போதும் இப்படி ஒத்துப்போகாது. மில்னீசியம் பேரினத்தில் சில இனங்களின் குஞ்சுக்கு இருக்கும் நக முனைகளின் எண்ணிக்கை, தோலுரித்து வளரும்போது மாறிவிடுகிறது. வெறும் உருவத்தை நம்பினால் ஒரே இனத்தின் குஞ்சையும் பெரியதையும் இரண்டு இனமாக எழுதிவிடலாம், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இனங்களை ஒன்றாகச் சேர்த்துவிடவும் செய்யலாம்.

சரி, டிஎன்ஏ மட்டும் போதாதா? போதாது, ஏனென்றால் டிஎன்ஏ வரிசை தன் பெயரைத் தானே சொல்லாது; ஏற்கெனவே யாரோ பெயர் போட்டுச் சேமித்த வரிசையோடு ஒப்பிட்டுத்தான் பெயர் சொல்கிறோம், அந்தப் பெயர் தப்பென்றால் நாம் சொல்வதும் தப்பு. இது நிஜமாகவே நடந்தது. இங்கிலாந்தின் போல்ட்டன் பகுதியில் 1987-ல் ஒரு குளத்தில் எடுத்த நீர்க்கரடியின் வம்சத்தைத்தான் உலகத்தின் பல ஆய்வகங்கள் வளர்த்தன, அதன் மரபணுத் தொகுப்பையும் வாசித்தார்கள், பெரும்பாலான கட்டுரைகளில் அதற்கு ஹிப்சிபியஸ் டுஜார்டினி என்றே பெயர். அந்தப் பெயரோ 1840-ல் பிரான்ஸின் விலங்கியலாளர் டொயேர் வைத்தது, அவர் விவரித்ததோ கொஞ்சம்தான். 2018-ல் போலந்து ஆய்வாளர்கள் பிரான்ஸிலிருந்து எடுத்த விலங்குகளை உருவத்தாலும் மரபணுவாலும் விரிவாக விவரித்து, இங்கிலாந்து வம்சத்தோடு ஒப்பிட்டபோது இரண்டும் வேறு வேறு இனம் என்று தெரிந்தது. ஆய்வகத்தில் வளர்ந்ததற்கு ஹிப்சிபியஸ் எக்ஸெம்ப்ளாரிஸ் என்று புதுப்பெயர் வந்தது. அதனால் 2018-க்கு முந்தைய ஆய்வுக் கட்டுரையில் டுஜார்டினி என்று பார்த்தால், எந்த வம்சம் என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரிப் பழைய பெயர்களுக்கு வேறு வழியும் இல்லை. நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் பழைய கண்ணாடிச் சில்லுகளில் பசை போட்டு ஒட்டிய உடல்களிலிருந்து பொதுவாக உருப்படியான டிஎன்ஏ கிடைக்காது, முதலில் கண்டெடுத்த ஊருக்கோ அதன் பக்கத்துக்கோ போய்ப் புதிதாகப் பிடித்தாக வேண்டும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஒரு செய்முறை. ஒரே ஒரு விலங்கை எடுத்து முதலில் படம் பிடிக்கிறார்கள், பிறகு உள்ளே இருப்பதை மட்டும் கரைத்து டிஎன்ஏ எடுக்கிறார்கள். கரையாமல் மிஞ்சும் வெறும் தோலை, நகமும் வாய்க்குழாயும் அப்படியே இருக்க, கவனமாக மீட்டுச் சில்லில் வைத்துவிடுவார்கள். அதே உடல், அதே மரபணு, நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எடுத்துப் பார்க்கலாம். முடிந்த இடத்திலெல்லாம் இதைச் செய்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: தமிழ்நாட்டில் நீர்க்கரடி இருக்கிறதா?
– வாசகர், பரமக்குடி

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது! மண்டபம் கடற்கரை மணலில் கிடைத்த ஓர் இனத்துக்கு, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் அப்துல் கலாம் நினைவாக பாட்டிலிபஸ் கலாமி என்று பெயரிட்டார்கள். நீளம் சுமார் 0.17 மில்லிமீட்டர். இந்தப் பேரினத்தில் நகத்துக்குப் பதில் விரல்கள், வளர்ந்ததற்குக் காலுக்கு ஆறு, குஞ்சுக்கு நான்கு, ஒவ்வொன்றின் நுனியிலும் மணலைப் பிடித்துக்கொள்ள ஒரு ஒட்டுத்தட்டு. கடல் மணலை நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுக் கலக்கினால் பிடி விட்டுவிடும், மேலே வரும் தண்ணீரை மிக நுண்ணிய சல்லடையில் வடிகட்டி நுண்ணோக்கியில் தேடலாம்.